உங்க எடத்த நான் பாத்துக்குறேன்

வேலையில் சேர வேண்டிய நாளன்று காலையில், அரியலூரில் அம்மா வீட்டிலிருந்து கிளம்பி பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, முன்சீட்டில் இருந்த வேட்டி கட்டிய பெரியவர் பீடியைப் பற்றவைத்தார். ஜன்னலுக்கு வெளியேதான் ஊதினார். ஓடுகிற பஸ்ஸில் வெளியே ஊதினாலும் ஒன்றுதான், உள்ளே ஊதினாலும் ஒன்றுதான். காற்று அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து பின்சீட்டுக்காரர் முகத்தில் அப்பிவிடும். டிரைவர் தலைக்கு மேலே 'புகை பிடிக்காதீர்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே டிரைவர் வாயிலும் ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அப்போது பக்கத்து வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். நாற்பது வயதைத் தாண்டியிருக்கலாம். கையில் ஒயர் கூடை. பெரியவரிடம் குனிந்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்:

"அண்ணே, அடுத்த ஸ்டாப்புல எறங்கி நிம்மதியா குடிச்சிட்டு வாங்க. கண்டக்டருகிட்ட சொல்லி வண்டிய நிறுத்தி வைக்கிறேன். உங்க எடத்த நான் பாத்துக்குறேன்."

பெரியவர் சண்டைக்குத் தயாராகத்தான் நிமிர்ந்தார். அந்தக் குரலில் சண்டை இல்லாததால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்காவ பஸ்ஸு நிக்குமாம்மா?"

"நிக்கும்ணே. நான் சொல்றேன்ல."

சொன்னபடியே அடுத்த ஊரில் கண்டக்டரிடம் பேசி வண்டியை நிறுத்தினார். பெரியவர் இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் நின்றார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு இழுப்புக்கு மேல் அவரால் முடியவில்லை. பீடியைத் தேய்த்துவிட்டு ஓடிவந்து ஏறினார். அவர் சீட்டில் ஒயர் கூடை உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு, "ஒக்காருங்கண்ணே" என்றார். டிரைவரும் தன் சிகரெட்டைச் சத்தமில்லாமல் வெளியே எறிந்ததை நான் பார்த்தேன்.

பெரம்பலூரில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஆபீசைக் கண்டுபிடித்து உள்ளே போனால், அதே ஒயர் கூடை ஒரு மேஜைக்குக் கீழே இருந்தது. மேஜையிலிருந்து அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அட, புது டைப்பிஸ்டு நீதானா? பஸ்ஸுலயே தெரிஞ்சிருந்தா கையோட கூட்டியாந்திருப்பேனே புள்ள."

ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் அன்றிலிருந்து அக்கா.

பெரம்பலூர் தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆபீஸ்கள் எல்லாம் வாடகை வீடுகளில் நடந்தன. எங்களுடையது ஒரு மண்டிக்காரர் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய கட்டடம். கனமான சுவர், சின்னச் சின்ன ஜன்னல். அந்தக் கூடத்தில் ஆண்கள் ஏழெட்டுப் பேர், பெண்கள் நாங்கள் இரண்டு பேர். பதினொரு மணிக்குள் மின்விசிறிக்குக் கீழே நீலமாக ஒரு துணி கட்டியதுபோலப் புகை நிற்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலையை அவிழ்த்தால் கூந்தலிலிருந்து சிகரெட் வாடை வரும். என் மாமியார் ஒருநாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மகனிடம் போய் ஏதோ கேட்டாராம்.

பஸ்ஸில் சொன்னதையேதான் அக்கா ஆபீசிலும் சொல்வார். யாராவது தீப்பெட்டியைத் தட்டினால் போதும், அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். "சார், அந்த ஃபைல் கட்ட இப்புடிக் குடுங்க. வெளியில போயி நிம்மதியா குடிச்சிட்டு வாங்க. அது வரைக்கும் நான் பாக்குறேன்." வெறும் பேச்சில்லை, உண்மையாகவே வேலையைப் பார்த்து வைப்பார். அதனால் யாருக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை. வெளியே போய்வருவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கமானது. நான் ஒருமுறை கேட்டேன், "ஏங்க்கா, அவங்க வேலையையும் நீங்களே செய்யணுமா?"

"அவங்கள வெளியில போவச் சொல்றோம்ல. போறவங்களுக்கு ஒரு தைரியம் வேணாமா? திரும்பி வந்தா எடம் இருக்கும்னு."

சூப்பிரண்டு மட்டும் அசையவில்லை. அவர் வேலையை அக்கா வாங்கிச் செய்ய முடியாது. கூடத்தின் தலைமாட்டில் அவர் மேஜை. ஒன்றிலிருந்து ஒன்று பற்றவைத்துக் குடிப்பார். கெட்ட மனிதர் இல்லை. தான் ஊதுவது இன்னொருவர் நெஞ்சுக்குள் போகிறது என்பது அவர் புத்தியில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முறையாக நான் முழுகாமல் இருந்த நேரம் அது. முதலில் உண்டானது மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. ஏன் என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்த முறை சிகரெட் வாடை பட்டாலே குடலைப் புரட்டியது. கிணற்றடிக்கு ஓடி ஓடி வாந்தி எடுத்தேன். ஒருநாள் என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்த அக்கா, நேராக உள்ளே போய்ச் சூப்பிரண்டு முன்னால் நின்றார்.

"சார், இந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே ஒண்ணு தங்கல. பொறக்குற வரைக்குமாச்சும் ரூமுக்குள்ள வேணாம் சார்."

"நான் சர்வீசுக்கு வந்ததுலேருந்து ஆபீசுலதான் குடிக்கிறேன். குடிக்கக் கூடாதுன்னு எந்த ஆர்டர் இருக்கு? காட்டுங்க. முடியலன்னா லீவு போடச் சொல்லுங்க."

"லீவு போட்டா அதுக்கு வேல போயிடும் சார். இன்னும் நிரந்தரமாகல."

அவர் ஃபைலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா வாதாடவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கை புடி" என்றார். இருவருமாக என் டைப்ரைட்டரை மேஜையோடு தூக்கிக்கொண்டுபோய் வெளித்தாழ்வாரத்தில் வைத்தார்கள். நாற்காலியையும் தண்ணீர்க்குடத்தையும் அக்கா ஒருவரே கொண்டுவந்து வைத்தார். அப்புறம் தன் மேஜையையும் இழுத்துக்கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் போட்டார்.

அது மழைக்காலம். சாரல் அடித்தால் அக்கா ஒரு படுதாவைக் கட்டி இறக்குவார். மனு கொடுக்க வருகிறவர்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி வாசலில் உட்கார்ந்து டைப் அடிப்பதைப் பார்த்து, "ஏம்மா வெளியில ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். அக்கா யாரையும் குறை சொல்லமாட்டார். "உள்ள பொகைங்க, அதான்" என்பார். கேட்டவர்கள் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சூப்பிரண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் அவர் வெளியே வரவேண்டியதாயிற்று. அப்படி வந்த ஒருநாள், தாழ்வாரத் தூணில் சாய்ந்துகொண்டு சிகரெட்டை வாயில் வைத்தார். அக்கா நிமிர்ந்தார்.

"சார், இப்ப இதுதான் ஆபீசு."

சூப்பிரண்டு சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். அப்புறம் தெருவைத் தாண்டி எதிர் டீக்கடைக்குப் போனார். மறுநாளும் அங்கேதான் போனார். அந்த வாரக் கடைசியில் அவரே உதவியாளரிடம், "அந்த மிஷினத் தூக்கியாந்து உள்ள போடுப்பா. புள்ளத்தாச்சி சாரல்ல நனையுது" என்றார். ஆர்டர் எதுவும் வரவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தக் கூடத்தில் யாரும் பற்றவைக்கவில்லை.

எனக்குப் பெண் பிறந்தது. பார்க்க வந்த சூப்பிரண்டு, வாசற்படியில் நின்று சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தார். "இங்கேருந்தே பாத்துக்குறேம்மா. கொண்டாந்து காட்டுங்க" என்றார். அருகில் இருந்த அக்கா, "அதெல்லாம் பரவால்ல, கைய கழுவிட்டு வாங்க சார்" என்று அவரை உள்ளே கூப்பிட்டு, பிள்ளையை அவர் மடியில் வைத்தார். அந்த மனிதரின் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் ஆபீசுக்கு வருவார். துபாயில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை லீவு. வரும்போது எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். அவர் பற்றவைத்த வெளிநாட்டு சிகரெட்டின் வாசனை ஊதுபத்திபோல இருந்தது. உதவியாளர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அக்கா எழுந்துபோய், "பாய், துபாய் பொகையா இருந்தாலும் வெளியிலதான்" என்றார். பாய் ஒரே சிரிப்பு. "அல்லாவே, அங்க ஏர்போட்டுல கண்ணாடி ரூமுல அடைக்கிறாங்க, இங்க நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் மனு சரிபார்க்கப்பட்டு, நாற்காலி துடைக்கப்பட்டு இருந்தது. அடுத்த வருடம் வந்தபோது, வாசலிலேயே நின்று காலியான இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு உள்ளே வந்தார்.

இப்படிப்பட்ட அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தால் பீடி வாடை அடிக்கும். புடவையில், தலைமுடியில், ஒயர் கூடையில் வைத்திருக்கும் சாப்பாட்டுத் துணியில்கூட. பஸ்ஸில் வருவதால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு அடுப்பங்கரை. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிட்டேன், நல்ல உயரம். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரியில் டிரைவர். ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கூடத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு டி.வி. பார்த்தபடி பீடி குடித்துக்கொண்டிருந்தவர், குழந்தையைக் கண்டதும் "அடடா, அடடா" என்று எழுந்து வெளியே ஓடினார். பீடியைப் போட்டுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். எனக்காக நுங்கு வாங்கி வைத்திருந்தார். தானே தோல் உரித்துக் கொடுத்தார். அக்கா என்ன சொன்னாலும் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே அக்கா ஏதாவது சொல்வதுபோல இருந்தது.

கிளம்பித் தெருமுனைக்கு வந்தபிறகுதான் குழந்தையின் பால்புட்டியை விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போனேன். கூடம் முழுக்கப் புகை. மாமா கட்டிலில் தூங்கிவிட்டிருந்தார், விரலிடுக்கில் பீடி அணைந்துபோயிருந்தது. அக்கா கொல்லைப்புற வாசற்படியில், முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பார்த்துவிட்டது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"இவருகிட்ட சொல்லமாட்டீங்களாக்கா?"

"கல்யாணமான மொத வாரத்துலேருந்து சொல்றேன். 'என் வூட்டுல ஒக்காந்து ஒரு பீடி குடிக்க முடியாதா'ம்பாரு, சிரிப்பாரு. நாளு பூரா கல்லு லோடு அடிச்சிட்டு வந்து அலுப்பா படுத்திருக்குற மனுசன எழுந்து வெளிய போன்னு எப்புடிச் சொல்றது? ஆபீசுல சொன்னா அது நாயம் புள்ள. வூட்டுல சொன்னா அது சண்டை."

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அக்காவுக்கு அங்கேயே வேலை போட்டார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இனிமேல் தினமும் பஸ்ஸில் அல்லாட வேண்டாம். ஆனால் அதே சமயத்தில் மாமாவும் லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தார். அக்கா ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். அதுவரை பகல் முழுக்கக் கூடத்தில் சேர்ந்த புகை அவருக்காகக் காத்திருக்கும்.

மறு வருடமே இரண்டு மாவட்டத்தையும் ஒன்றாக்கினார்கள். அக்கா பெரம்பலூருக்குத் திரும்பி வந்தார். வந்தவர் வேறு ஆளாக இருந்தார். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். இருமல் வந்தால் மேஜையைப் பிடித்துக்கொள்வார். நானும் அவரும் திருச்சிக்குப் போய் ஒரு நெஞ்சு டாக்டரிடம் காட்டினோம். படமெல்லாம் எடுத்து, குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"எத்தன வருசமா பீடி குடிக்கிறீங்கம்மா? மறைக்காம சொல்லுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. "நான் குடிக்கலீங்க டாக்டர். எங்க வூட்டுக்காரருதான் குடிக்கிறாரு. எனக்கும் சேத்து." டாக்டர் சிரிக்கவில்லை. மருந்தெல்லாம் அப்புறம், முதலில் அந்தப் புகையிலிருந்து வெளியே வாருங்கள், இல்லையென்றால் இருக்கிற மூச்சும் போய்விடும் என்றார்.

பொது இடங்களில் புகைபிடிக்கக் கூடாது என்ற சட்டம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. ஆபீஸ் சுவரில் பெரிய போர்டு வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் வைத்தார்கள். எங்கள் ஆபீசுக்கு அந்தப் போர்டு தேவைப்படவில்லை. புதிதாக வந்திருந்த அதிகாரி பழைய கதையைக் கேள்விப்பட்டு, விழிப்புணர்வுக் கூட்டத்தில் அக்காவைப் பேசச் சொன்னார். மைக் முன்னால் நின்று பழக்கமில்லாதவர். புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"சட்டம் வந்தது நல்லதுங்க. இனிமே என்ன மாதிரி ஒருத்தி ஒவ்வொருத்தருகிட்டயா போயி கெஞ்ச வேண்டியதில்ல. ஆபீசுக்கு வந்துடுச்சு, பஸ்ஸுக்கு வந்துடுச்சு. வூட்டு வாசப்படிக்கு வந்து நின்னுடுச்சு. அதுக்கு மேல அதால உள்ள வர முடியாது. உள்ள இருக்குறவங்கதான் எந்திரிச்சு வெளிய வரணும்."

எல்லோரும் கை தட்டினோம். அதைச் சொல்லும்போதே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை ஒயர் கூடையோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது.

"ஒங்க மாடி ரூமு சும்மாதான கெடக்கு? எனக்கு வாடகைக்குக் குடு புள்ள."

எனக்குத் திக்கென்றது. "மாமாகிட்ட சண்டையாக்கா?"

"சண்டையெல்லாம் இல்ல. சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒரு மாசத்துக்குக் கொழம்புப்பொடி அரைச்சு வச்சிட்டு வந்திருக்கேன்."

ஊர் சும்மா இருக்குமா? குடிகாரப் புருஷன், அடிக்கிற புருஷன் என்றால் புரியும். பீடிக்காகவா ஒருத்தி, அதுவும் இந்த வயதில், வீட்டை விட்டு வருவாள்? அரியலூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து பேசினார்கள். "ஊரே சிமெண்டுத் தூசியில கெடக்குது. இதுல பீடிப் பொகதான் ஒனக்குப் பெருசாப் போச்சா?" என்று ஒருவர் கேட்டார். "தூசிய நான் ஒருத்தி நிறுத்த முடியாதுங்கண்ணே. இதுலேருந்து எந்திரிச்சு வர முடியும்" என்றார் அக்கா. மகள் சேலத்திலிருந்து போனில் அழுதாள். என் கணவரே என்னிடம், "நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு" என்றார். அவர்கள் எல்லோருக்கும் அக்கா காபி போட்டுக் கொடுத்தார். எடுத்த முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா வந்துவிட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நான் பயந்தேன். வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகைப்பூ. பெண் பார்க்க வந்தவர்போலத் தெருவில் தயங்கி நின்றார்.

"பாப்பா, அவ மேல இருக்காளா?"

"இருக்காங்க மாமா. போங்க."

"பஸ்ஸுல குடிக்கல. குளிச்சிட்டு வேற சட்ட மாத்திட்டுத்தான் வந்தேன்" என்று என்னிடம் சொன்னார். எதற்காக என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மேலே போய்ச் சொல்லவேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்போல.

அதன்பிறகு ஞாயிறுதோறும் வந்தார். அக்கா சனிக்கிழமையே மீன் சொல்லி வைத்துவிடுவார். மாடியிலிருந்து அவர்கள் சிரிப்பது கேட்கும். நடுவில் மாமாவுக்குப் பீடி இல்லாமல் முடியாது. இறங்கித் தெருமுனைக்குப் போவார். அக்கா அவர் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, மாடிப்படியில் வந்து உட்கார்ந்து முனையையே பார்த்துக்கொண்டிருப்பார். மாமா வாய் கொப்பளித்துவிட்டு, கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். விட்டுவிடவும் பார்த்தார். ஏலக்காயை மென்றுகொண்டு சில வாரம் வந்தார். மகள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததும் மறுபடி பீடிக்கட்டு சட்டைப் பையில் ஏறியது. அக்கா அதற்காக முகத்தைத் தூக்கவில்லை. "விட்டா நல்லது. விடலன்னா ஞாயித்துக்கெழம வரட்டும்" என்றார்.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தால், அன்று இரவு அக்கா யாரோடும் பேசமாட்டார். என் மகளைக் கூப்பிட்டுத் தலை வாரிவிடுவார். வாரிய தலையையே மறுபடி அவிழ்த்து வாருவார். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை.

"இவ்ளோ ஆசைய வச்சிக்கிட்டு எதுக்குக்கா இது? திரும்பிப் போயிடுங்களேன்."

சீப்பைக் கீழே வைத்தார்.

"அங்க மூச்சு வரல புள்ள. எனக்கு அவரும் வேணும், மூச்சும் வேணும். ரெண்டையும் ஒரே வூட்டுல வைக்க முடியல, என்னா பண்ணட்டும்?"

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. அக்கா ரிட்டயர் ஆனார். அப்போதும் மாடி அறையை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வரவில்லை. அக்கா மூடிய தட்டோடு பொழுது சாயும்வரை படியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் போனுக்குத் தகவல் வந்தது. மாமா ரத்தமாகத் துப்புகிறார். அக்கா தகரப் பெட்டியில் துணியை எடுத்து வைத்தார். என் மகள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

நான் பார்க்கப் போனபோது மாமா பாதியாகியிருந்தார். திருச்சியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்கு முன்னால் புங்கமரத்தடியில் கட்டில் போட்டிருந்தது. அவரே அங்கே போடச் சொன்னாராம். பீடி வேண்டும் என்று கேட்டார். கை நடுங்கித் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் குச்சியை வாங்கி, தானே உரசிப் பற்றவைத்தார். எழுந்து காற்று வருகிற பக்கமாகப் போய் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே அவரோடு பேசினார்.

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா பாப்பா? இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் ஒங்கக்கா பேச்சக் கேட்டு வெளிய வந்திருக்கேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானபோது மாமா இல்லை. புது மாவட்ட ஆபீசுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தவள், முடித்துவிட்டு அக்காவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வெள்ளை அடித்திருந்தார். கூடம் வெளிச்சமாக இருந்தது. அவருடைய இருமலும் வெகுவாகக் குறைந்திருந்தது. தானே நடந்து கடைக்குப் போய் எனக்குப் பால் வாங்கி வந்தார்.

"இப்ப வூட்டுல மூச்சு நல்லா வருது புள்ள" என்றார். அதைச் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார். நான்தான் இறக்கி வைத்தேன்.

மாடி அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன். என் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றேன். "வரேன், வரேன்" என்றார். வரமாட்டார் என்று இருவருக்கும் தெரிந்தது.

என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். நிழற்குடைக்குச் சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில் ஒருவர் நின்றிருந்தார். லாரி டிரைவராக இருக்கவேண்டும், காக்கிச் சட்டையில் வெள்ளைத் தூசி. பீடியைப் பற்றவைத்தார். கொஞ்சம் புகை எங்கள் பக்கமும் வந்தது. அக்கா ஏதாவது சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அவர் சொல்லவில்லை. ஒதுங்கவுமில்லை. அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, ஒண்ணும் சொல்லல?"

"வெட்டவெளிதான. குடிக்கட்டும்."

பார்வையை எடுக்காமலே சொன்னார், "அவரும் இப்புடித்தான். கடைசி இழுப்புக்குக் கண்ண மூடிக்குவாரு."

பெரம்பலூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினேன். அவரும் ஆட்டினார். பஸ் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த டிரைவர் பீடியைத் தேய்த்துவிட்டுப் போய்விட்டிருந்தார். அக்கா ஏறவேண்டிய பஸ் எதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பாமல், அந்த வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டிருந்தார்.